மாவும் மெழுகும்

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்பிவைப்பார்கள். அவர் அதில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, அந்த வாயை அப்படியே வார்த்தெடுத்து, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக உட்கார வைத்து, கடைசியில் தேய்த்து மினுக்கிக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்றே பெயர். சொந்தப் பெயர் மின்சார பில்லில் மட்டும் இருந்தது.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற ஆளு. தான் சிரிச்சா மட்டும் வரி போட்டுடுவாங்கன்னு நினைப்பு" என்பாள், மாடியில் குடியிருந்த அவருடைய தங்கச்சி. அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், "ஊர் அழுக்கத் துவைச்சே முடியல, இதுல ஒருத்தன் அழுக்கு வேறயா?" என்று கேட்டுக் கேட்டே ஐம்பதைத் தாண்டிவிட்டவள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. மூன்று சுவரிலும் அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் வாய்கள், மேல்தாடையும் கீழ்தாடையுமாக, திறந்தபடி. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல் போனவர்களின் பல்லும் இருந்தது. அளவு கொடுத்துவிட்டு, செட்டு வருவதற்குள் கண்ணை மூடிவிட்டவர்கள் சில பேர். அந்தச் செட்டுகள் மேல்தட்டில் ஓர் ஓரமாக இருந்தன. கொடுக்க ஆளில்லை, எறிய மனசில்லை.

அவர் மனைவி இருந்த காலத்தில் பல்லின் நிறம் பார்ப்பது அவள் பொறுப்பு. ஜன்னல் ஓரமாக நின்று, நிற மாதிரிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "இது ரொம்ப வெள்ளைங்க. அந்தம்மா சிரிச்சா பொய் சொல்ற மாதிரி இருக்கும். கொஞ்சம் பழுப்பா எடுங்க" என்பாள். அவள் சொன்னது தப்பியதே இல்லை.

அவளைக் கொண்டுபோனது ஒரு தொற்றுக் காய்ச்சல். நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் படுத்திருந்தவள் தன்னைப் பார்த்தாளா, கண்ணாடியில் விழுந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதன்பிறகு முகமூடி போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அவளுடைய படுக்கை, துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள். பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு பச்சை ஸ்வெட்டர் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. பட்டறையில் குளிர் அடிக்கும் நாட்களில் அவள் போட்டுக்கொண்டது. வீட்டில் அவளுடையது என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பின்கட்டில், பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில், ஒரு தெருப்பூனை குட்டி போட்டது. கொஞ்ச நாளில் தாய் காணாமல் போய்விட்டது. பசியில் கத்திய இரண்டு குட்டிகளையும் அவர் சட்டையில் அள்ளி உள்ளே கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை, மூட்டையிலிருந்து சிந்திய பொடியில் புரண்டு இன்னும் வெள்ளை. அதற்கு மாவு என்று பெயர். இன்னொன்று தேன்மெழுகின் நிறம். அது மெழுகு.

"பேரு வைக்கிறதுலகூட பட்டறைய விட்டு வெளிய வர மாட்டியா அண்ணா?" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் பால்பவுடர் டப்பாவும் இரண்டு துண்டும் வாங்கி வந்தது அவள்தான்.

மாவுக்கு அலமாரிதான் வீடு. வாய்களுக்கு நடுவே ஒன்றையும் தட்டாமல் நடந்துபோய், ஒரு பெரிய கீழ்தாடையில் தலையை வைத்துத் தூங்கும். மெழுகு தரையில் இருந்து அதைப் பார்த்துக் கத்தும். பிறகு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு ஓர் இடத்தில் கிடக்கும். ஒரு குளிர்காலை அவர் ஆணியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் விரித்துப் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரையே கேட்டால் சொல்லத் தெரியாது. அதில் உயிருள்ள ஏதாவது படுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கலாம்.

ஒருநாள் மாவு அலமாரியில் ஏறவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. தலை தொங்கி, மூக்கு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தது. ஆனால் குடிக்கவில்லை. அவர் ஒரு செட்டுக்கு மெழுகு ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார், அப்படியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், அப்படியே இருந்தது. தாகம் எடுத்தவன் கிணற்றடியில் நின்று கயிறு இல்லாமல் எட்டிப் பார்ப்பதுபோல. பிறகு மஞ்சளாக வாந்தி எடுத்தது. மறுநாள் விடியும்போது அட்டைப்பெட்டியில் ஸ்வெட்டரின் கைப்பகுதியைக் கட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தது. மெழுகு அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் பின்கட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். என்னவோ தின்றிருக்கும், வயிறு ஏற்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மெழுகு போய்த் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தது. தலை தொங்கியது.

அவர் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். அதே இடம். அதே குனிவு. வெள்ளைக்குப் பதில் தேன் நிறம், அவ்வளவுதான்.

கால்நடை டாக்டர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:

"வைரஸ். நாய்க்குட்டிக்கு வர்ற பார்வோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுக்குச் சொந்தம் மாதிரி. வெள்ளை அணுவெல்லாம் அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. குடல் புண்ணாயிருக்கு. மனுஷங்களுக்கு வராது, பயப்படாதீங்க."

"பிழைக்குமா டாக்டர்?"

"மதில் மேல் பூனைன்னு சொல்வாங்கல்ல, அதுதான். வைரஸுக்கு மருந்து கிடையாது. உடம்பு தானே சண்டை போடணும். நாம தண்ணி ஏத்தலாம், வாந்திய நிறுத்தலாம், வேற கிருமி தொத்தாம ஊசி போடலாம். இங்க தனி வார்டு இருக்கு. விட்டுட்டுப் போங்க. நீங்க உள்ள வர முடியாது, வெளியிலேர்ந்து கண்ணாடி வழியாப் பாத்துக்கலாம்."

கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் குட்டியைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். நான் வீட்டுல வச்சுப் பாத்துக்கறேன்."

"ராத்திரி பகல்னு பாக்கணும். இங்க இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூட."

"என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க. கை நடுங்காது எனக்கு."

டாக்டர் குட்டியை வாங்கி மேசையில் கிடத்தினார். பிறகு அதன் தோளுக்கு மேலே தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, ஊசியை அதற்குள் செலுத்தி, சலைன் பாட்டில் தண்ணீரைத் தோலுக்கடியில் இறக்குவது எப்படி என்று செய்து காட்டினார். தினமும் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். கிளம்பும்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"இந்த வைரஸ் சீக்கிரம் சாகாது. தரையில, துணியில, செருப்புல எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம்கூட இருக்கும். ப்ளீச்சுக்கு மட்டும்தான் அடங்கும். ப்ளீச்சுல போட முடியாததத் தூக்கி எறிஞ்சிடுங்க. ஒரு வருஷத்துக்கு வேற குட்டி எதையும் வீட்டுக்குள்ள விடாதீங்க."

"இது எங்கேர்ந்து வந்திருக்கும் டாக்டர்?"

"யாருக்குத் தெரியும்? தாய்கிட்டேர்ந்து வந்திருக்கலாம். உங்க செருப்புல வந்திருக்கலாம். ஜன்னல் வழியா ஒரு ஈ கொண்டுவந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் செருப்போடு தெரு முழுக்க நடந்திருக்கிறார். எந்த இடத்தில் மிதித்தோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தங்கச்சி விஷயத்தைக் கேட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சலவைக்கூடத்திலிருந்து ப்ளீச் கேன் வந்தது. தரை, சுவர் ஓரம், மேசைக்கால், கதவுப்பிடி ஒன்று விடாமல் துடைத்தாள். பாத்திரங்களை ஊறப்போட்டாள். கண் எரிந்து மூக்கு ஒழுகியது. அட்டைப்பெட்டியைக் கொளுத்தப் போனவள் அதற்குள் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது..."

"அதையும் ப்ளீச்சுல போடு."

"கம்பளிண்ணா. ப்ளீச்சுல போட்டா கரைஞ்சு கஞ்சியாயிடும். நானே ஒரு தடவை தெரியாம போட்டு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எரிச்சிடட்டுமா?"

அவர் கையை நீட்டினார். ஸ்வெட்டரை வாங்கி மடித்தார். கழுத்துப் பக்கம் இன்னும் மனைவியின் வாசனை கொஞ்சம் இருந்தது. கைப்பகுதியில் மாவு எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை நெருப்பில் காட்டி ஒட்டி, ஒரு தகர டப்பாவில் வைத்து மூடி, அலமாரியின் மேல்தட்டில், வாங்க ஆளில்லாத செட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதுக்குள்ள அந்த நோய் இருக்குண்ணா."

"அவளும் இருக்காளே."

தங்கச்சி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெழுகைப் பட்டறையிலேயே, பழைய துண்டுகளின் மேல், வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படுக்கவைத்தார். மேசை விளக்கின் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கியது. தோலைத் தூக்கி ஊசியை ஏற்றும்போது குட்டி ஒரு சத்தம் போடும். முதல் நாள் அது அழுகையாக இருந்தது. அப்புறம் பெருமூச்சு. அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் தோலுக்கடியில் சேர்ந்து ஒரு பக்கம் பை போலத் தொங்கும். பின்பக்கம் ரத்தம் கலந்து போய்க்கொண்டே இருந்தது. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரும்பும் அழுகலும் கலந்த நாற்றம். அதன்மேல் ப்ளீச் நெடி. வேலையெல்லாம் நின்றுபோனது.

ஒரு ரிட்டையர்டான பஸ் டிரைவர் மட்டும் தினமும் வந்து வாசலில் நின்றார். அளவு கொடுத்துவிட்டு, பல்லுக்காகக் காத்திருந்தவர்.

"என்னங்க, என் பல்லு பிறந்துடுச்சா? பேசினா காத்துதான் வருது. வீட்டுல ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல முடியல."

"உள்ள வராதீங்க. குட்டிக்கு முடியல."

"பூனைக்கா?" டிரைவர் சிரிக்க வாயெடுத்தார். பல்செட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். "சரி சரி. யானைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம். என் பல்லு எங்க போயிடப் போகுது? நீங்க பாருங்க."

மத்தியான வேளைகள்தான் அவருக்குப் பயமாக இருந்தன. தங்கச்சி வேலைக்குப் போயிருப்பாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஜன்னல் வெயில் அலமாரியில் விழும்போது ஒவ்வொரு வாய்க்குள்ளும் நிழல் விழுந்து, எல்லாம் எதையோ சொல்ல வாயைத் திறந்ததுபோல் இருக்கும். அந்த வாய்களோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவர் அவர். ஒருநாளும் அவற்றைத் திரும்பிப் பார்த்து நடுங்கியதில்லை.

அப்படி ஒரு மத்தியானம் அலமாரியில் கிட் என்று ஒரு சத்தம். ஒரு கீழ்தாடை நகர்ந்து, தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது. மாவு தலைவைத்துப் படுக்கும் அந்தப் பெரிய தாடை. காற்றில்லை. பல்லி கில்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் வாய் அதற்குள், "மாவு, இறங்கு" என்று சொல்லிவிட்டது.

சொன்னதும் மெழுகின் கண் திறந்தது. காலையிலிருந்து தலையைத் தூக்காத குட்டி. இப்போதும் தூக்கவில்லை. கண்கள் மட்டும் அலமாரியைப் பார்த்தன. பிறகு மெதுவாக இறங்கின, ஏதோ ஒன்று தட்டுத் தட்டாக இறங்கிவருவதுபோல. தரைக்கு வந்தன. தரையில் நகர்ந்தன, மேசைக்காலைச் சுற்றி, ஸ்டூலுக்கு அடியில், அவர் பாதம் இருந்த இடத்தை நோக்கி.

அவர் பாதத்தைத் தூக்கி வழிவிட்டார்.

கண்கள் அதே வேகத்தில் பாதத்தைக் கடந்து, துண்டின் ஓரத்துக்கு வந்து, தன் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்றன. பிறகு மூடிக்கொண்டன. மெழுகின் வயிற்று மயிர், யாரோ அங்கே முகத்தைப் புதைத்ததுபோல, லேசாக அழுந்தியதாக அவருக்குத் தோன்றியது. நெடுநேரம் காலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிட்டுக்கிட்டுப் போக வந்திருக்கு" என்று சாயங்காலம் தங்கச்சியிடம் சொன்னார்.

வேறு சமயமாக இருந்தால் அவள் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பாள். அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் முந்தானையால் குட்டியின் கண்பீளையைத் துடைத்தாள்.

"ஏண்ணா அப்படி நினைக்கிற? தனியா கிடக்கேன்னு துணைக்கு வந்திருக்கலாம்ல?"

மறுநாள் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் கஷ்டப்படுதுன்னு உங்களுக்குத் தோணினா ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம். அது தப்பில்ல. நீங்கதான் சொல்லணும்."

அவர் மேசைமேல் கிடந்த குட்டியைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக, கிழிந்த துணிபோலக் கிடந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அப்போது அது நாக்கை வெளியே நீட்டியது. நக்க எதுவும் இல்லை, வெறும் காற்றைத்தான் நக்கியது. மாவின் காதை நக்கிய அதே மாதிரி, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.

"இன்னும் ஒருநாள் பாக்கலாம் டாக்டர்."

அந்த ஒருநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை, தங்கச்சி கோழியை வேகவைத்த தண்ணீரில் விரலை நனைத்து மூக்கருகில் காட்டினாள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றுதான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு வந்து விரலில் பட்டது. அரம்போன்ற நாக்கு. தங்கச்சி விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவி போனபோது அவள் அழவில்லை, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மெழுகு எழுந்து, நாலு காலும் நாலு திசையில் போக, தண்ணீர்க் கிண்ணம்வரை நடந்துபோய்க் குடித்தது. வெள்ளை அணு ஏறுகிறது என்றார் டாக்டர். "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றும் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் தங்கச்சியும் அதே மாதிரி பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தும் கண்ணாடிக் கதவு திறக்காத இன்னோர் இடம் அவர் நினைப்பில் இருந்தது.

மெழுகு தேறிவிட்டது. தேறியது மட்டுமல்ல, இரண்டு பூனை தின்கிற தீனியைத் தின்று உருண்டு திரண்டது. இனி அந்த வைரஸ் அதை ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். பார்க்கிறவர்களுக்குக் கதை அதோடு முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. பூனை வெயிலில் அசந்து தூங்கினால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய் அதன் மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்ப்பார். மூச்சு பட்டால்தான் திரும்பி வருவார். அது தண்ணீர் குடிக்கக் குனிந்தால் முதலில் நக்குகிற சத்தம் கேட்கும்வரை அவர் கை அந்தரத்தில் நிற்கும். தங்கச்சி பார்த்துவிட்டு, "உசிரோட இருக்கிறதக் கொஞ்சம் உசிரோட இருக்க விடுண்ணா" என்பாள்.

அலமாரியில் மெழுகு ஒருநாளும் ஏறியதில்லை. ஏறுகிற வயசும் உடம்பும் வந்தபிறகும், கீழே நின்று மேலே பார்த்து ஒருமுறை கத்தும். கொஞ்சம் காத்திருக்கும். பிறகு போய்விடும்.

பஸ் டிரைவருக்குப் பல் செட் ஆகிவிட்டது. நிறம் பார்க்க ஆளில்லாமல் பல்செட்டுக்காரரே ஜன்னலோரம் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அச்சாகப் பொருந்திவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் டிரைவர் சில மாதம் கழித்து ஒருநாள் காலை ஒரு கூடையோடு வந்தார். கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி.

"உங்களுக்குத்தான். டிப்போவுல கிடந்துச்சு. ஒத்தையா வளர்ற பூனைக்கு ஒரு துணை வேணாமா?"

அவர் பாய்ந்து போய் வாசல்படியில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

டிரைவர் பயந்து பின்வாங்கினார். "என்னங்க, பூனை செத்து எத்தனை மாசமாச்சு? இன்னுமா துக்கம்?"

"துக்கம் இல்லைங்க. செத்தது போகல. இன்னும் உள்ளதான் இருக்கு."

நோயைச் சொல்கிறார் என்று டிரைவருக்குப் புரிய அவர் விளக்கவேண்டியிருந்தது. வருஷம் முடியவில்லை, தரையிலும் சுவரிலும் இருக்கலாம், முதலில் தடுப்பூசி போடுங்கள், உங்கள் வீட்டிலேயே வையுங்கள் என்று சொல்லி, டாக்டரின் விலாசத்தையும் கொடுத்தார். டிரைவர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல திட்டுவா. திட்டட்டும், இப்பதான் திருப்பிச் சொல்லப் பல்லு இருக்கே" என்று சிரித்தார். பல்வரிசை நன்றாக இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் பல்செட்டுக்காரர். "அந்தப் பக்கம் வெயில்ல நின்னு கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. முகத்த மட்டும் பாத்துக்கறேன்."

டிரைவர் தெருவைக் கடந்து, எதிர்ச் சுவரோரம் நின்று, குட்டியை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார். பெரிய காது. நீலக் கண். அவர் வாசலில் இருந்தபடி கையைத் தூக்கிக் காட்டினார். குட்டி வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டது. அந்தச் சின்ன வாய்க்குள் அரிசிக் குருணைபோல் பல் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு பதில் சத்தம் வந்தது. அவர் திரும்பவில்லை. நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். மாடிக் கைப்பிடியில் தங்கச்சி காயப்போட்ட போர்வைக்குப் பக்கத்தில் மெழுகு வாலைத் தொங்கவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் கூடையோடு தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஒரேயடியாக அல்ல. பாதி சாத்தி, கொஞ்சம் நிறுத்தி, வால் எதுவும் இடுக்கில் மாட்டாது என்று தெரிந்தபிறகு மீதியை.